பட்டியலுக்கு முன் அளவுகோல்



ராக் ரசிகர்கள் பட்டியல் போட உட்கார்ந்தால், தனிப்பாட்டுகளைவிட ஆல்பங்களையே பெரும்பாலும் கையில் எடுக்கிறார்கள். அதற்கான காரணம் இசைத்தட்டின் வரலாற்றில் இருக்கிறது. நிமிடத்துக்கு 78 சுற்றுகள் சுழன்ற பழைய தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று முதல் ஐந்து நிமிட இசைதான் அடங்கியது. 1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுகள் சுழலும் 12 அங்குல எல்பி தட்டை அறிமுகப்படுத்தியது. ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தது. ஆனால் 1950-களின் ராக் அண்ட் ரோல் இந்த வசதியைப் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. அன்றைய ராக் வாழ்ந்தது 45 சுற்றுத் தட்டில், பக்கத்துக்கு ஒரு பாட்டாக. எல்பி என்றால் இரண்டு மூன்று வெற்றிப் பாட்டுகள், மீதி இடத்தை நிரப்பும் சரக்கு என்பதே வழக்கம்.

இந்த நிலை 1965-க்கும் 1967-க்கும் இடையில் மாறியது. பீட்டில்ஸ் குழு 1965 டிசம்பரில் ‘ரப்பர் சோல்’ ஆல்பத்தை வெளியிட்டது. நிரப்புப் பாட்டு எதுவும் இல்லாத அந்தத் தட்டைக் கேட்ட பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன், அதே தரத்தில் முழு ஆல்பம் ஒன்றை உருவாக்க முனைந்தார். 1966 மே மாதம் ‘பெட் சவுண்ட்ஸ்’ வந்தது. அதைக் கேட்டு வியந்த பீட்டில்ஸ், அவ்வாண்டு ஆகஸ்டில் மேடைக் கச்சேரிப் பயணங்களை நிறுத்தியபின், லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் மாதக்கணக்கில் உழைத்து 1967-இல் ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ ஆல்பத்தைத் தந்தது. நான்கு தடங்கள் மட்டுமே கொண்ட கருவியில் பதிவான இசை அது. பாடல் வரிகள் பின்னட்டையில் அச்சாகின. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்ற முதல் ராக் ஆல்பமும் அதுவே. அதன்பின் ராக் கலைஞர்கள் ஆல்பத்தை ஒரு முழுப் படைப்பாகவே கருதத் தொடங்கினார்கள். முழுப் படைப்புகள் வந்ததும் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடும் வேலையும் தொடங்கியது.

பத்திரிகைகள் இந்த ஒப்பீட்டை ஒரு வழக்கமாக்கின. பிரிட்டனின் ‘நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்’ இதழ் 1974-இல் எல்லாக் காலத்துக்குமான ஆல்பங்களை வரிசைப்படுத்தியது. வானொலித் தொகுப்பாளர் பால் கேம்பச்சினி விமர்சகர்களிடம் வாக்குப் பெற்று 1978-இல் 200 ஆல்பங்களின் பட்டியலை நூலாக்கினார். இரண்டிலும் முதலிடம் ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பத்துக்கே. அமெரிக்காவின் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் 2003-இல் 500 ஆல்பங்களின் பட்டியலை வெளியிட்டபோதும் முதலிடம் மாறவில்லை. முப்பது ஆண்டுகளில் வந்த இந்த மூன்று பட்டியல்களிலும் ஒரே ஆல்பம் முதலிடத்தில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு இது முடிந்துபோன விவகாரம் என்று தோன்றியிருக்கும்.

2020-இல் அதே ‘ரோலிங் ஸ்டோன்’ பழைய முடிவுகளை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வாக்கெடுப்பு நடத்தியது. கலைஞர்கள், தயாரிப்பாளர்கள், விமர்சகர்கள் என 300-க்கும் மேற்பட்டோர் தலா 50 ஆல்பங்களை வரிசைப்படுத்தி அனுப்பினார்கள். மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆறாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு ஏறியது. ‘சார்ஜென்ட் பெப்பர்’ 24-ஆம் இடத்துக்கு இறங்கியது. 2003-இன் முதல் பத்தில் பீட்டில்ஸின் நான்கு ஆல்பங்கள் இருந்தன. 2020-இன் முதல் பத்தில் அவர்களுடைய ‘அபே ரோடு’ மட்டுமே இருந்தது. 25-ஆம் இடத்தில் இருந்த ஃப்ளீட்வுட் மேக்கின் ‘ரூமர்ஸ்’ ஏழாம் இடத்துக்கு வந்தது. பதினேழு ஆண்டுகளில் அந்தத் தட்டுகளில் ஒரு சுரம்கூட மாறவில்லை. மாறியவர்கள் வாக்களித்தவர்கள். இளைய கலைஞர்களும் பெண்களும் ஹிப் ஹாப், சோல் மரபினரும் கூடுதலாக இடம்பெற்றபோது வரிசையும் மாறியது. ஆக, எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகள் கேட்கவேண்டும். யார் வாக்களித்தார்கள்? எதை அளந்தார்கள்? சொந்தப் பட்டியல் போடும்போது வாக்காளர் ஒருவர்தான் என்பதால், மிஞ்சுவது இரண்டாவது கேள்வி மட்டும்.

ராக் ஆல்பங்களை அளக்கப் பொதுவாக நான்கு அளவுகோல்கள் புழக்கத்தில் உள்ளன.

முதலாவது விற்பனை. இது எண்ணிக்கை என்பதால் உறுதியானதுபோலத் தெரியும். ஆனால் எண்ணும் முறையே காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அமெரிக்காவின் ‘பில்போர்டு’ இதழ், கடைக்காரர்கள் வாய்மொழியாகச் சொன்ன நிலவரத்தை நம்பியே நெடுங்காலம் தரவரிசை வெளியிட்டது. 1991 மே மாதம் முதல், கல்லாவில் பதிவாகும் உண்மையான விற்பனையைக் கணக்கில் எடுத்தது. அதன்பின் ராக், ராப், கன்ட்ரி இசைக்கு உண்மையில் எவ்வளவு ஆதரவு இருந்தது என்பது வெளியே தெரிந்தது. இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்காவில் மிக அதிக விற்பனைக்குச் சான்று பெற்ற ஆல்பமாக 2018-இல் அறிவிக்கப்பட்டது ஈகிள்ஸ் குழுவின் 1971–1975 காலத் தொகுப்பு. அது ஏற்கெனவே வெளியான வெற்றிப் பாட்டுகளைத் திரட்டியது. ஓர் ஆல்பமாக யோசித்து உருவாக்கியது அன்று.

இரண்டாவது, நிலைத்து நிற்றல். பிங்க் ஃப்ளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ 1973-இல் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம்தான். ஆனால் முதல் 200 ஆல்பங்களின் பட்டியலில் 1973-க்கும் 1988-க்கும் இடையில் மொத்தம் 741 வாரங்கள் இருந்தது. ஒரு தலைமுறை வாங்கி முடித்தபின் அடுத்த தலைமுறையும் அதைத் தேடி வாங்கியதன் அடையாளம் இது.

மூன்றாவது, தாக்கம். ‘தி வெல்வெட் அண்டர்கிரவுண்ட் அண்ட் நிக்கோ’ 1967-இல் வந்தபோது அமெரிக்கப் பட்டியலில் 171-ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. ஓவியர் ஆண்டி வார்ஹோலின் வாழைப்பழ அட்டைப்படம் பெற்ற கவனம்கூட உள்ளிருந்த இசைக்குக் கிடைக்கவில்லை. பின்னர் வந்த பங்க், மாற்று ராக் குழுக்கள் பலவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது. விற்பனையால் அளந்தால் இந்த ஆல்பம் எந்தப் பட்டியலிலும் வராது. தாக்கத்தால் அளந்தால் தவிர்க்கவே முடியாது.

நான்காவது, முழுமை. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை ஆல்பம் ஒன்றாக நிற்கிறதா, எதை எடுத்தாலும் குறை தெரியுமா என்று பார்ப்பது இது.

இவை நான்குக்கும் அப்பால், ரசிகரின் சொந்தப் பிரியம் இருக்கிறது. ‘எனக்கு மிகப் பிடித்தவை’ என்ற பட்டியலும் ‘மிகச் சிறந்தவை’ என்ற பட்டியலும் வெவ்வேறு. முதலாவதற்கு யாரிடமும் நியாயம் சொல்லவேண்டியதில்லை. இரண்டாவது ஒரு வாதம், அதற்குச் சான்று வேண்டும். ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதன் பெயரை மேலே எழுதுவதுதான் பட்டியல் சண்டைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம்.

அளவுகோல் முடிவானபின் எல்லைகளை வகுக்கவேண்டும். எது ராக் என்பதே முதல் எல்லை. மார்வின் கேயின் ஆல்பம் சோல் இசை. எனவே ‘ரோலிங் ஸ்டோன்’ பட்டியல் ராக் இசைக்கு மட்டுமானது அல்ல. தொகுப்பு ஆல்பம், மேடைப் பதிவு, இரட்டைத் தட்டு ஆகியவற்றைச் சேர்ப்பதா என்பதையும் தொடக்கத்திலேயே தீர்மானிப்பது நல்லது. காலத்தால் வரையறுக்கும் பட்டியலிலும் சிக்கல் வரும். தி கிளாஷ் குழுவின் ‘லண்டன் காலிங்’ பிரிட்டனில் 1979 டிசம்பரில் வெளியானது. அமெரிக்காவில் 1980 ஜனவரியில். அதனால்தான் ‘ரோலிங் ஸ்டோன்’ அதை 1980-களின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுக்க முடிந்தது. பிரிட்டிஷ் ரசிகருக்கு அது எழுபதுகளின் தட்டு.

எந்தப் பதிப்பு என்பதும் முக்கியம். 1967-க்கு முன் பீட்டில்ஸ் ஆல்பங்களை அமெரிக்காவில் கேபிடல் நிறுவனம் பாட்டுகளை மாற்றியே வெளியிட்டது. ‘ரிவால்வர்’ பிரிட்டனில் 14 பாட்டுகள், அமெரிக்காவில் 11. ‘ரப்பர் சோல்’ ஆல்பத்திலிருந்து நான்கு பாட்டுகளை நீக்கி, முந்தைய ஆல்பத்தின் இரண்டு பாட்டுகளைச் சேர்த்திருந்தார்கள். பிரையன் வில்சன் கேட்டு மயங்கியது இந்த அமெரிக்கப் பதிப்பைத்தான். இரு பக்கமும் ஒரே ஒலியாகக் கேட்கும் மோனோ, இடம் வலம் என ஒலியைப் பிரிக்கும் ஸ்டீரியோ என்ற வேறுபாடும் உண்டு. ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பத்தின் மோனோ வடிவத்துக்குக் குழுவினர் உடனிருந்து பாடுபட்டார்கள். ஸ்டீரியோ வடிவம் அவர்கள் இல்லாமல் விரைவாக முடிக்கப்பட்டது. வில்சனுக்கு வலது காது ஏறக்குறையக் கேட்காமலிருந்தது; ‘பெட் சவுண்ட்ஸ்’ மோனோவில் உருவானது. ஒரே ஆல்பத்தைப் பற்றி வாதாடும் இருவர் வெவ்வேறு பதிப்புகளைக் கேட்டிருக்கக்கூடும்.

அடுத்தது கேட்கும் முறை. ஆல்பத்தை அதன் வரிசையிலேயே கேட்பது முதல் விதி. எல்பி காலத்துத் தட்டுகளில் இரண்டு பக்கங்கள் இருந்தன. ஒவ்வொரு பக்கத்துக்கும் தொடக்கமும் முடிவும் திட்டமிடப்பட்டன. லெட் செப்பெலினின் நான்காவது ஆல்பத்தில் முதல் பக்கம் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ பாட்டோடு முடிகிறது. தட்டைத் திருப்பும் இடைவெளி அதற்குப்பின் வருகிறது. செயலியில் பாட்டுகளைக் கலைத்துப் போட்டுக் கேட்பவருக்கு இந்த அமைப்பு பிடிபடாது. எனவே எல்பி காலத்து ஆல்பத்தைக் கேட்கும்போது பக்கம் எங்கே பிரிகிறது என்று தெரிந்துகொண்டு, அந்த இடத்தில் சற்று நிறுத்தித் தொடர்வது பயன் தரும்.

முதல் தடவை வேறு வேலை எதுவும் இல்லாமல் கேட்கவேண்டும். இரண்டாம் தடவை அட்டைக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொள்ளலாம்: தயாரிப்பாளர் யார், ஒலிப்பதிவாளர் யார், எங்கே பதிவானது, விருந்தினராக வாசித்தவர் யார். பீட்டர் கேப்ரியலின் ‘சோ’ (1986) ஆல்பத்தின் கலைஞர் பட்டியலில், சென்னையில் பிறந்த வயலின் கலைஞர் எல். ஷங்கரின் பெயர் இருப்பது இப்படிப் படிப்பவர் கண்ணில்தான் படும். மூன்றாம் தடவை சில நாள் கழித்து, ஒரே ஒரு வாத்தியத்தைப் பின்தொடர்ந்து கேட்கலாம். பெரும்பாலோர் குரலையும் கிட்டாரையும் மட்டும் கேட்டுப் பழகியவர்கள். பேஸ் கிட்டாரையும் டிரம்ஸையும் தனியே தொடர்ந்தால் ஆல்பம் வேறொன்றாகத் திறக்கும்.

கேட்டு முடித்தபின், ஒன்று முதல் பத்துவரை நேரடியாக எண் போடுவது கடினம். ஆல்பங்களை முதலில் மூன்று அடுக்காகப் பிரிப்பது எளிது: கட்டாயம் இடம்பெறவேண்டியவை, இடம்பெறலாம் என்பவை, விடலாம் என்பவை. பிறகு முதல் அடுக்கில் உள்ளவற்றை இரண்டிரண்டாக எடுத்து, ‘இவற்றில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் எது?’ என்று கேட்டால் வரிசை தானாக அமையும். முடிவு தடுமாறினால், அளவுகோல் தெளிவாக இல்லை என்று பொருள்.

அளவுகோல் வரிசையை எப்படி மாற்றுகிறது என்பதற்கு ஒரு செய்முறை இங்கே. முழுமையை மட்டும் அளவுகோலாக வைத்தால் முதல் ஐந்து இப்படி அமையலாம்.

1. பிங்க் ஃப்ளாய்ட், ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ (1973). இதயத் துடிப்பின் ஓசையில் தொடங்கி அதிலேயே முடிகிறது. பாட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒழுகிச் செல்கின்றன. பணம், காலம், மரணம், மனப்பிறழ்வு என ஒரே கவலையின் கிளைகளாக நிற்கின்றன.

2. பீச் பாய்ஸ், ‘பெட் சவுண்ட்ஸ்’ (1966). கதை இல்லை, இளமை கைநழுவும் ஒரே மனநிலை தொடக்கம் முதல் இறுதிவரை நீடிக்கிறது.

3. ரேடியோஹெட், ‘ஓகே கம்ப்யூட்டர்’ (1997). தட்டைத் திருப்பத் தேவையில்லாத சிடி காலத்து ஆல்பம். இயந்திர வாழ்க்கையின் அச்சம் 12 தடங்களிலும் பரவியிருக்கிறது.

4. பீட்டில்ஸ், ‘சார்ஜென்ட் பெப்பர்’ (1967). கற்பனைக் குழு ஒன்றின் கச்சேரி என்ற சட்டகம் அழகானது. ஆனால் நடுவில் வரும் பாட்டுகள் பல அந்தச் சட்டகத்தோடு தொடர்பில்லாதவை.

5. தி ஹூ, ‘டாமி’ (1969). கண்ணும் செவியும் வாயும் அடைபட்ட சிறுவனின் கதையை இரட்டைத் தட்டில் சொல்லும் ராக் ஆபரா. கதையை நகர்த்துவதற்காக மட்டுமே சில பாட்டுகள் இருப்பதால் ஐந்தாம் இடம்.

தாக்கத்தை அளவுகோலாக வைத்தால் வரிசை அடியோடு மாறும்.

1. ‘பிளாக் சபாத்’ (1970). பர்மிங்காம் தொழிலாளர் பகுதியிலிருந்து வந்த குழு, பெரும்பகுதியை ஒரே நாளில் பதிவு செய்த முதல் ஆல்பம். தகரத் தொழிற்சாலை விபத்தில் வலது கை விரல் நுனிகளை இழந்த டோனி அயோமி, செயற்கை நுனிகளைப் பொருத்திக்கொண்டு வாசித்த கனத்த கிட்டார் ஒலி ஹெவி மெட்டல் என்ற தனி மரபுக்கே அடித்தளம்.

2. ‘தி வெல்வெட் அண்டர்கிரவுண்ட் அண்ட் நிக்கோ’ (1967). காரணம் மேலே சொல்லப்பட்டது.

3. ‘ரமோன்ஸ்’ (1976). 14 பாட்டுகள், 29 நிமிடம், சுமார் 6,400 டாலர் செலவு. பெரிய வித்தையோ பெரும் பணமோ இல்லாமலும் ராக் வாசிக்கலாம் என்று இரு கண்டங்களின் இளைஞர்களுக்குக் காட்டியது.

4. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் எக்ஸ்பீரியன்ஸ், ‘ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸ்டு’ (1967). ஒலிபெருக்கியின் இரைச்சலையே இசையாக ஆளமுடியும் என்று காட்டி, மின்சாரக் கிட்டாரின் எல்லையை விரித்தது.

5. நிர்வாணா, ‘நெவர்மைண்ட்’ (1991). அமெரிக்காவில் முதலில் 50,000 பிரதிகளுக்கும் குறைவாகவே கடைகளுக்கு அனுப்பப்பட்டது. 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ ஆல்பத்தை முதலிடத்திலிருந்து இறக்கியது.

இரண்டு பட்டியலுக்கும் பொதுவான ஆல்பம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் இரண்டும் தத்தம் அளவில் சரி. அளவுகோலைச் சொல்லாமல் இரண்டையும் அருகருகே வைத்தால், யாரோ ஒருவருக்கு ராக் தெரியாது என்றே தோன்றும்.

நண்பர்கள் சேர்ந்து பொதுப் பட்டியல் போடும்போது கணக்கிடும் முறையும் முடிவை மாற்றும். ஐந்து பேர் மூன்று ஆல்பங்களை வரிசைப்படுத்துவதாகக் கொள்ளலாம். இருவர் ‘டார்க் சைட்’, ‘ரிவால்வர்’, ‘நெவர்மைண்ட்’ என்றும், இருவர் ‘நெவர்மைண்ட்’, ‘ரிவால்வர்’, ‘டார்க் சைட்’ என்றும், ஒருவர் ‘ரிவால்வர்’, ‘டார்க் சைட்’, ‘நெவர்மைண்ட்’ என்றும் எழுதுகிறார்கள். முதலிட வாக்குகளை மட்டும் எண்ணினால் ‘ரிவால்வர்’ ஒரே வாக்குடன் கடைசி. முதலிடத்துக்கு 3, இரண்டாமிடத்துக்கு 2, மூன்றாமிடத்துக்கு 1 என்று புள்ளி கொடுத்தால் ‘ரிவால்வர்’ 11, ‘டார்க் சைட்’ 10, ‘நெவர்மைண்ட்’ 9. கடைசியாக இருந்தது முதலிடம் பிடிக்கிறது. 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கணித அறிஞர் போர்டாவின் பெயரால் வழங்கும் முறை இது. பலரும் ஒப்புக்கொள்ளும் ஆல்பத்துக்கு இது சாதகம். சிலர் உயிராக நேசித்து மற்றவர்கள் வெறுக்கும் ஆல்பத்துக்குப் பாதகம்.

நியூயார்க்கின் ‘வில்லேஜ் வாய்ஸ்’ வார இதழ், விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்காவ் தலைமையில் நடத்திய ஆண்டு வாக்கெடுப்பு வேறு வழியைக் கண்டது. ஒவ்வொரு விமர்சகரும் 100 புள்ளிகளைப் பத்து ஆல்பங்களுக்குப் பங்கிடவேண்டும். ஓர் ஆல்பத்துக்கு அதிகபட்சம் 30, குறைந்தபட்சம் 5. எது முதல் என்பதோடு, எவ்வளவு முதல் என்பதையும் இந்த முறை காட்டியது. நண்பர் குழுக்களுக்கு இது மிகப் பொருத்தமானது.

பட்டியலைப் பகிர்வதற்கும் நல்ல முன்மாதிரிகள் உள்ளன. பிபிசி வானொலியில் 1942 முதல் ஒலிபரப்பாகும் ‘டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்’ நிகழ்ச்சியில், தனித்தீவில் மாட்டிக்கொண்டால் எந்த எட்டு இசைப்பதிவுகள் வேண்டும் என்று விருந்தினரிடம் கேட்பார்கள். நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்வது, ஒவ்வொன்றையும் ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று விருந்தினர் சொல்லும் கதையைத்தான். விமர்சகர் கிரீல் மார்கஸ் தொகுத்து 1979-இல் வந்த ‘ஸ்ட்ராண்டட்’ நூலில் இருபது எழுத்தாளர்கள் தனித்தீவுக்கு எடுத்துச்செல்லும் ஒரே ஆல்பத்தைப் பற்றி ஆளுக்கொரு கட்டுரை எழுதினார்கள். பெயரைவிடக் காரணத்துக்கே அங்கும் இடம் அதிகம்.

பகிரும் பட்டியலில் ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஒரு சிறு குறிப்பு இருக்கவேண்டும். அதில் எதைக் கேட்கவேண்டும், எந்தப் பாட்டில் தொடங்கலாம், எது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம் என்ற மூன்றும் அடங்கினால் போதும். ‘அற்புதமான டிரம்ஸ்’ என்ற பாராட்டு கேட்பவருக்கு எதையும் தராது. மாறாக, லெட் செப்பெலினின் நான்காவது ஆல்பத்தைப் பற்றி இப்படி எழுதலாம்: ‘கடைசிப் பாட்டான “வென் தி லெவி பிரேக்ஸ்” பாட்டின் தொடக்கத்தைக் கேட்கவும். இங்கிலாந்தின் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில் மாடிப்படியின் அடியில் டிரம்ஸை வைத்து, மேலே மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். அந்தக் கூடத்தின் எதிரொலிதான் டிரம்ஸுக்கு இந்தக் கனத்தைத் தருகிறது. 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றிய பழைய புளூஸ் பாட்டு இது. ஏழு நிமிடம் ஓடும் மெதுவான பாட்டு, பொறுமை வேண்டும்.’ இதைப் படித்தவர் உடனே கேட்டுச் சரிபார்ப்பார். உடன்படாவிட்டாலும் எதில் உடன்படவில்லை என்று சொல்ல முடியும்.

மற்றவர் பட்டியலைப் படிக்கும்போது, தெரியாத ஆல்பத்தைக் கேட்டபின்னரே கருத்துச் சொல்வது முறை. 1970-இல் ‘பிளாக் சபாத்’ ஆல்பத்தை ‘ரோலிங் ஸ்டோன்’ இதழிலேயே கடுமையாகத் தாக்கி எழுதினார்கள். அவசரத் தீர்ப்பு தேர்ந்த விமர்சகர்களையும் காலைவாரிவிடும். ஆளை அவருடைய பட்டியலால் எடைபோடுவதும் தவறு. நிக் ஹார்ன்பியின் ‘ஹை ஃபிடெலிட்டி’ (1995) நாவலில் லண்டன் இசைத்தட்டுக் கடைக்காரர் ராப் எதற்கெடுத்தாலும் முதல் ஐந்து பட்டியல் போடுகிறார். ரசனையை வைத்தே மனிதர்களை மதிக்கும் பழக்கத்திலிருந்து அவர் விடுபடுவதுதான் கதையின் போக்கு.

எனவே இளம் ரசிகர் தம் முதல் பட்டியலை எழுதும்போது தாளின் மேலே இரண்டு விவரங்களைக் குறிக்கவேண்டும்: எந்த அளவுகோலால் அளந்தது, எந்தத் தேதியில் எழுதியது. பத்து ஆல்பங்களும் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணமும் அதன்கீழ் வரட்டும். அடுத்த ஆண்டு அதே தேதியில் பழையதைப் பார்க்காமல் புதிதாக ஒன்று எழுதி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இடம் மாறிய ஆல்பங்கள், அந்த ஓராண்டில் காது எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதைச் சொல்லிவிடும். காரணம் எழுதப்படாத பட்டியலில் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.